புள்ளடி இடுமுன்

இப்பகுதியில் நாம் வழக்கமாகப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும், ஊர்ப் பழமைகளைப் பற்றியும், வீட்டிலே பேசத்தக்க நல்ல விடயங்களைப் பற்றியும் எழுதி வருகிறோம். இவ்வாரம் கட்சி அரசியலைத் தொடப்போகிறோம். “வேண்டாத வேலை, நாளைக்குக் கடைத்தெருவில் நாலுபேர் நாலு விதமாகக் கேட்பார்கள்” என்று எமது இல்லாள் எச்சரித்தாள். அவள் சொல் பெரும்பாலும் பலித்துவிடுவதுண்டு. ஆயினும் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் இருப்பது ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று என்பதால் துணிந்து எழுதுகிறோம்.

அம்மாணவன் உயர்தர வகுப்பிலே படிப்பவன். அண்மையில் பதினெட்டு வயது நிறைந்தவன். வாக்காளர் இடாப்பில் தன் பெயரும் ஏறப்போகிறது என்ற பெருமிதத்தோடு வந்து, “சேர், எந்தக் கட்சி நல்ல கட்சி?” என்று கேட்டான். வினா சிறியது, விடையோ ஒரு பாடவேளைக்குள் அடங்குவதன்று. நாம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பழைய கொப்பியை எடுத்து அவன் கையிலே கொடுத்தோம். 2024 நவம்பர் 14ஆந் திகதி நடைபெற்ற பொதுத்தேர்தலுக்கு முன்னர், எந்தச் சின்னத்துக்குப் புள்ளடி இடுவது என்று தெளியாமல், கட்சி கட்சியாக நிறுத்துப் பார்த்து எழுதிய குறிப்புகள் அதிலே உள்ளன. வாசகர்களும் அதனைப் பார்த்தால் குற்றமில்லை. அவற்றை ஒளிக்காமல் இங்கே தருகிறோம்.

தேர்தல் கடமைக்குச் செல்லும் ஆசிரியர்கள் தபால் மூலமே வாக்களிப்பது வழக்கம். ஆதலின் ஊரார் சிந்திக்க இரண்டு வாரம் இருக்கையிலேயே எமக்குத் தவணை முடிந்துவிடும். அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 31இல் வந்தது. தபால் வாக்களிப்பும் அந்நாட்களையொட்டியே நடந்தது. எனவே வீட்டிலே பலகாரம் சுடும் வாசனைக்கு நடுவே, கொப்பியும் பேனாவுமாகத் திண்ணையில் அமர்ந்திருந்தோம்.

அப்போது முதலில் வந்தவர் எமது தாய்மாமன். வயது எழுபதைக் கடந்தவர். கொப்பியைக் கண்டதும் சிரித்தார். “மருமகன், உதென்ன வீண் வேலை? ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை. நாங்கள் இந்த மாவட்டத்திலே ஒரு கைப்பிடி. அன்றைக்கு வீட்டிலே இருந்தாலே போதும்” என்றார்.

மாமா சொன்ன கணக்கு முற்றிலும் பிழையென்று சொல்வதற்கில்லை. புத்தளம் மாவட்டத்துக்கு எட்டு ஆசனங்கள். அவற்றுள் ஒன்று அதிக வாக்குப் பெறும் கட்சிக்கு மேலதிகமாக வழங்கப்படுவது. எஞ்சிய ஏழுமே வாக்குகளின் விகிதப்படி பங்கிடப்படும். 2020ஆம் ஆண்டிலே இங்கு ஓர் ஆசனத்துக்கு ஏறத்தாழ ஐம்பத்தோராயிரம் வாக்குகள் வேண்டியிருந்தன. கற்பிட்டி முதல் உடப்பு வரையும், முன்னேஸ்வரத்தைச் சூழவும் வாழும் தமிழரெல்லாரும் ஒருவர் தவறாது ஒரே சின்னத்துக்கு இட்டாலும் அத்தொகையை எட்டுதல் அரிது. முஸ்லிம் சகோதரர்களோ எம்மினும் தொகையிற் பெரியவர்கள். அவர்களும் பல்லாண்டுகளாகத் தமக்குள்ளே பிரிந்து வாக்களித்து ஏமாந்த பின்னரே, 2020இல் இரு கட்சிகளும் ஒன்றுகூடித் தராசுச் சின்னத்திலே நின்று, 55,981 வாக்குகளோடு ஒருவரை அனுப்பினார்கள்.

எனினும், வீட்டிலே இருப்பதுதான் விவேகம் என்பதை நாம் ஏற்கவில்லை. எமது ஊரிலே 1807ஆம் ஆண்டு பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் அகரவரிசையிலே தொகுத்து 1834இல் ஒரு பெருநூல் வெளியிட்டவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்திலே எழுதி 1859இல் ‘தமிழ் புளூராக்’ என்னும் பெயரால் அச்சிட்டவர். அவர் 1838இல் சட்டநிரூபண சபையிலே தமிழரின் பிரதிநிதியாக அமர்ந்தார். கற்பிட்டியான் ஒருவன் நாட்டின் சட்டசபையிலே இருந்தான் என்பது எமக்குப் பெருமைதான். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் கற்பிட்டி மக்கள் அல்லர், தேசாதிபதியே நியமித்தார். பின்னர் 1911இல் பொன்னம்பலம் இராமநாதன் தெரியப்பட்டபோதும், வாக்குரிமை படிப்பும் வசதியும் படைத்த ஒரு சிறு கூட்டத்துக்கே இருந்தது. வலை இழுப்பவனும், மிளகாய்த் தோட்டத்திலே நீரிறைப்பவனும், அடுப்படியிலே நிற்கும் எமது பாட்டிமாரும் 1931இலேதான் முதன்முதல் வாக்காளராயினர். இந்தியா அந்நிலையைப் பொதுத்தேர்தலிலே கண்டது அதற்கு இருபது ஆண்டுகளின் பின்னரே. நூறு ஆண்டு காத்திருந்து கைக்கு வந்த பொருளை ‘வீண்’ என்று திண்ணையிலே எறிந்துவிடலாமா?

எறிந்தவர்கள் உண்டு. அந்த 1931ஆம் ஆண்டுத் தேர்தலையே யாழ்ப்பாணத்தார் பகிஷ்கரித்தனர். நோக்கம் உயர்ந்தது, பூரண சுயராச்சியம் வேண்டுமென்பதே அது. ஆனால் விளைவு யாதெனில், வடக்கின் நான்கு ஆசனங்கள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாய்க் கிடக்க, சபை தன்பாட்டில் நடந்தது. 2005ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிலே விடுதலைப் புலிகள் வடகிழக்குத் தமிழரை வாக்களிக்க விடவில்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஏறக்குறைய 180,000 வாக்குகளே. அதன் பின் வந்த ஆண்டுகளில் நடந்தவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆகவே, வாக்களியாமல் இருப்பதும் ஒரு வாக்கே. யாருக்கு என்று நாம் அறியாமல் இடும் வாக்கு. இதனைச் சொன்னதும் மாமா வெற்றிலையை மடித்தபடி மௌனமானார். உடன்பட்டார் என்று கொள்வதற்கில்லை. வாதத்தை மறுநாளைக்கு ஒத்திவைத்தார் என்றே கொள்ளவேண்டும்.

இனிக் கட்சிகளை நிறுப்போம். எமது தராசுக்கு நான்கு படிக்கற்கள் வைத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்குத் தமிழ்மொழியிலே விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பாரா என்பது ஒன்று. கடலை நம்பி வாழ்வோர்க்குப் பிழைப்பு உண்டா என்பது இரண்டு. எமது மணலுக்கும் நீருக்கும் காற்றுக்கும் கேடு வராதா என்பது மூன்று. தொகையிலே சிறியவர்களும் தலைநிமிர்ந்து நடக்கலாமா என்பது நான்கு. கல்யாண மாப்பிள்ளைக்கே குணம், குலம், தொழில் என்று பார்க்கிறோம். ஐந்தாண்டு ஆளப்போகிறவர்களைப் பாராமல் விடலாமா?

முதலில் தாமரை மொட்டு. 2020இல் நாடெங்கும் 145 ஆசனங்களைப் பெற்று வந்த கட்சி. இம்மாவட்டத்திலும் எட்டில் ஐந்து அதற்கே கிடைத்தன. அடுத்த ஆண்டிலேயே இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்தது. கற்பிட்டியின் மணற்றரையிலே வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்வோர்க்கு அது பேரிடியாயிற்று. மணலின் கீழே உள்ள நன்னீரிலே மிகையான உரம் கலப்பது தீங்கென்பதை நாம் மறுக்கவில்லை. அதைப் படிப்படியாகத் திருத்த வேண்டும். ஒரே நாளிலே நாட்டைப் புரட்டுவது திருத்தம் அன்று. அதே வருடம் நவம்பரிலே தடையை நீக்கினார்கள், நட்டம் நீங்கவில்லை. கொரோனாவினால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, குடும்பத்தார் கதறக் கதற எரித்தமையை நான்காவது படிக்கல் ஒருபோதும் பொறாது. 2022இல் நாடே வரிசையிலே நின்றது. எனவே மொட்டினை நாம் தட்டிலே வைக்கவும் மனங்கொள்ளவில்லை.

அடுத்தது எரிவாயுச் சிலிண்டர். வரிசைகளைக் குறைத்த பெருமை அதன் தலைவருக்கு உண்டு. 2023 மார்ச்சிலே சர்வதேச நாணய நிதியத்திடம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு வழிசெய்தார். இதனை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆயினும் 2022 ஆகஸ்டிலே மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவிலே ஏறியது. சிறு படகுக்காரன் கடலிலே பிடிப்பது எண்ணெய்க்கே போதாமற் போயிற்று. பணமில்லை என்று கூறி 2023 மார்ச்சிலே நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தலையும் நிறுத்திவைத்தார்கள். அஃது அடிப்படை உரிமை மீறல் என்று உயர்நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. வாக்கைத் தடுத்தவருக்கு வாக்கிடுவது எங்ஙனம்?

மூன்றாவது தொலைபேசி. மலையகத் தமிழர் கட்சிகளும் முஸ்லிம் கட்சிகளும் கூட்டாக நின்ற அணி. சிறுபான்மையோரை மேடையிலே பக்கத்தில் இருத்திக்கொள்ளக் கூசாத அணி என்பது அதன் நற்குணம். ஆனால் 2022 மே மாதத்து நெருக்கடியிலே பொறுப்பேற்கத் தயங்கி நின்றது. அதன் முன்னணியினர் பலர் 2015 முதல் 2019 வரை ஆண்ட அரசிலே அமர்ந்தவர்கள். கொழும்பின் குப்பையைப் புத்தளத்து அறுவாக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் அக்காலத்திலேயே முன்தள்ளப்பட்டது. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017இல் சரிந்து உயிர்களைக் குடித்தது பரிதாபமே. ஆயினும் ஒரு வீட்டுத் துயரை இன்னொரு வீட்டு முற்றத்திலே கொட்டுவது பரிகாரமாகுமா? இம்மாவட்டத்து மூவின மக்களும் ஒன்றாக வீதிக்கு இறங்கியது அப்போதுதான். நுரைச்சோலையின் 900 மெகாவாற் அனல்மின் நிலையத்தையும் இவ்விடத்திலே நினைத்துக்கொள்கிறோம். நாட்டுக்கு ஒளி, அயலூர்க்கு நிலக்கரித் தூசு. எந்தக் கட்சியும் அவ்விடயத்தில் எமக்கு முழுக் கணக்கைக் காட்டவில்லை.

நான்காவது திசைகாட்டி. 2020இல் மூன்றே ஆசனங்கள் பெற்ற அணி, 2024 செப்டெம்பரிலே ஜனாதிபதிப் பதவியை வென்று நின்றது. எமது மாணவர்களின் கண்ணிலே அது விடிவெள்ளி. களவுக்கு எதிராகப் பேசியது. எளிய குடும்பத்திலே பிறந்தவர்களை முன்னிறுத்தியது. இனத்தைச் சொல்லி வாக்குக் கேட்கவில்லை. இவையெல்லாம் தட்டினைத் தாழ்த்தின. மறுபுறத்தில், அதன் தாய்க்கட்சி 1971இலும் 1987 முதல் 1989 வரையும் ஆயுதம் ஏந்தியது. மாகாண சபைகளை எதிர்த்தது. வடக்கையும் கிழக்கையும் பிரிக்கும் தீர்ப்பினை 2006இலே வழக்காடிப் பெற்றது. மனிதர் திருந்துவது போலக் கட்சிகளும் திருந்தலாம். ஆனால் திருந்தியதைச் செயலிலே கண்டபின் நம்புவதே வாக்காளனுக்கு முறை.

வடகிழக்கின் தமிழ்க் கட்சிகளை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்பார்கள். தந்தை செல்வா 1949இலே தொடக்கிய தமிழரசுக் கட்சியிடம் எமக்கு மதிப்புண்டு. ஆனால் அவர்களின் வரைபடம் வடகிழக்கோடு முடிந்துவிடும். மன்னாருக்குத் தெற்கே கடல் நீண்டு கிடப்பதை அவர்கள் அதிகம் நினைப்பதில்லை. நீர்கொழும்பு, சிலாபக் கரையோரங்களிலே எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள், பாடசாலை மொழி மாறியதும் இரண்டொரு தலைமுறைக்குள் சிங்களமாகிப் போயின. அம்மொழியும் நன்மொழியே, வெறுப்பொன்றுமில்லை. ஆனால் தன் பேரனோடு தன் மொழியிலே பேசமுடியாத பாட்டியின் துயரத்தை எந்தக் கட்சியும் விஞ்ஞாபனத்திலே எழுதியதாக நாம் காணவில்லை.

இவ்விடத்திலே எமது பேனா நின்றுவிட்டது. ‘நம்மவர்’ என்பவர் யார் என்ற வினா எழுந்தது. அதற்கு விடை காண 1990க்குச் செல்லவேண்டும்.

அவ்வாண்டு அக்டோபர் இறுதியிலே நாம் பத்து வயதுச் சிறுவன். வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஒட்டுமொத்தமாக வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து கடல் வழியே வந்த வள்ளங்கள் கற்பிட்டிக் கரையிலே ஒதுங்கின. நனைந்த உடையோடு தாய்மார். அழக்கூடத் தெம்பில்லாத குழந்தைகள். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் ஊரார் அவர்களை ஏற்றார்கள். எமது தாயார் ஒரு பானை கஞ்சியோடு கரைக்குச் சென்றார். நாம் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னே நின்றோம். கஞ்சியை வாங்கிய ஒரு மூதாட்டி தாயாரின் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். ஒரு கணம் கை நின்றது. பின்பு வாங்கினார். அப்பார்வையை நாம் மறக்கவில்லை. அவரைத் துரத்தியவர்களும் ‘நம்மவர்’ என்ற சொல்லையே வாயிலே வைத்திருந்தார்கள்.

அன்று வந்தவர்களின் பிள்ளைகள் இன்று எமது வகுப்புகளிலே எமது மொழியிலேயே படிக்கிறார்கள். 2019 நவம்பரிலே ஜனாதிபதித் தேர்தலன்று, பதிவு மன்னாரிலே இருந்தமையால், அவர்களிற் பலர் புத்தளத்திலிருந்து பஸ் வண்டிகளிலே வாக்களிக்கச் சென்றபோது வழியிலே தாக்கப்பட்டார்கள். தாக்கப்பட்டும் சென்றார்கள். வீட்டிலே இருந்தால் போதும் என்ற எமது மாமாவுக்கு அவர்களைத்தான் உதாரணமாகக் காட்டினோம்.

மீன் வியாபாரம் செய்யும் முஸ்லிம் அன்பர் ஒருவர் எமது அயலில் உண்டு. நாம் ‘நானா’ என்றே அழைப்போம். அவர் சொன்னார்: “மாஸ்டர், நாங்கள் எங்கட ஆளை அனுப்பினோம். அவரும் இருபதாம் திருத்தத்துக்குக் கையை உயர்த்தினார். எங்கட மையித்தை எரிக்கிற நேரம் அது. எங்கட ஆள் எண்டால் மட்டும் போதாது மாஸ்டர்.” பல புத்தகங்கள் சொல்லாததை அவர் மீன்கூடையின் பக்கத்திலே நின்று சொல்லிவிட்டார்.

அச்சொல்லே எமக்கு வழியும் காட்டியது. மூன்றிலிரண்டு பெரும்பான்மை பெற்ற ஆட்சிகளின் வரலாற்றைக் கொப்பியிலே வரிசையாக எழுதினோம். 1970இலே பெற்றவர்கள் 1972இல் புதிய அரசியலமைப்பை ஆக்கி, சிறுபான்மையோருக்கு இருந்த 29ஆம் பிரிவின் காப்பினை நீக்கினார்கள். 1977இலே பெற்றவர்கள் நிறைவேற்று ஜனாதிபதி முறையைத் தந்தார்கள். 2010இன் ஆட்சி பதினெட்டாந் திருத்தத்தைத் தந்தது. 2020இன் ஆட்சி இருபதாந் திருத்தத்தை 156 வாக்குகளால் நிறைவேற்றிக்கொண்டது. கட்சி வேறு, நிறம் வேறு. அளவிறந்த பலம் கைக்கு வந்ததும் செய்கை ஒன்றாகவே இருந்தது. நல்லவனுக்கும் கடிவாளம் வேண்டும்; குதிரை நல்லது என்பதற்காகக் கடிவாளத்தைக் கழற்றுவாருண்டோ?

ஆதலின் எமது முடிவு இவ்வாறாயிற்று. ஆளத்தக்கவர்கள் திசைகாட்டியினர் என்று எண்ணினோம். ஆனால் புள்ளடியைத் தொலைபேசிக்கே இட்டோம். ஆட்சி அவர்களுக்கு வருவது உறுதி. எதிரே அமர்ந்து கேள்வி கேட்க ஆள் வேண்டுமே என்பதே காரணம். மூன்று விருப்பு வாக்குகளுள் ஒன்றையேனும் எமது இனத்தவர் அல்லாதார் ஒருவருக்கு இடுவது என்றும் உறுதி செய்து, அவ்வாறே செய்தோம். கடித உறையை ஒட்டியபோது கை சற்று நடுங்கியது உண்மை. குறையுள்ளது என்று தெரிந்தே ஒன்றைத் தெரிவது எளிதன்று.

பெறுபேறு யாவரும் அறிந்ததே. திசைகாட்டி 225இல் 159 ஆசனங்களைப் பெற்றது; இம்மாவட்டத்தின் எட்டில் ஆறு அதற்கே. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறிலே மூன்றையும் வென்றது. நாம் விரும்பாத மூன்றிலிரண்டு வந்தேவிட்டது. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இவ்வளவு பரவலாக ஒரே சின்னத்தை நம்பியதை நாம் முன்னர் கண்டதில்லை. எமது அச்சம் பொய்த்தால் முதலிலே மகிழ்பவர் நாமாகவே இருப்போம். அதனாலேயே கொப்பியை மூடவில்லை. பாடசாலைக்கு ஆசிரியர் வந்தாரா, நுரைச்சோலைத் தூசு குறைந்ததா, அறுவாக்காடு என்னவாயிற்று, மாகாண சபைத் தேர்தலைப் பற்றிச் சொன்ன சொல் என்னவாயிற்று என்று திகதியிட்டு எழுதி வருகிறோம். வாக்களித்தவுடன் கடமை முடிந்தது என்று எண்ணுபவன், விதைத்துவிட்டு நீர் பாய்ச்ச மறந்த தோட்டக்காரன்.

கொப்பியை வாசித்து முடித்த மாணவன் எம்மை நிமிர்ந்து பார்த்தான். “சேர், அப்படியென்றால் நீங்கள் போட்ட பக்கம் தோற்றுப்போய்விட்டதே!” என்றான். அவன் குரலிலே சற்று ஏமாற்றம் இருந்தது.

“தம்பி, வெல்லும் குதிரையைக் கண்டுபிடிப்பது பந்தயக்காரன் வேலை. வாக்காளன் வேலை வேறு” என்றோம்.

அவன் சிறிது நேரம் நின்றான். பின்பு, “நான் உங்களோடு உடன்படவில்லை, சேர். ஆனால் இப்படி ஒரு கொப்பி நானும் வைத்துக்கொள்கிறேன்” என்றான்.

எமக்கு அவன் உடன்பாட்டைவிட அக்கொப்பியே பெரிது. வாசகர் வீடுகளிலும் பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைகள் இருப்பார்கள். இன்ன சின்னத்துக்குப் போடு என்று அவர்களுக்குச் சொல்லாதீர்கள். ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். முதற் பக்கத்திலே நான்கு படிக்கற்களை எழுதட்டும். அவை எம்முடையனவாக இருக்கவேண்டியதில்லை. அவர்களுடையனவாக இருந்தாற் போதும்.